நடுக்கத்துக்கு மூன்று நாப்கள்

போன தீபாவளிக்கு இலுப்பூர் போனபோது கிட்டாரோடு ட்ரெமலோ பெடலையும் எடுத்துப் போயிருந்தேன். பெரியப்பா ஒரு காலத்தில் நாதஸ்வரம் வாசித்தவர். இப்போது மூச்சு பிடிப்பதில்லை; திண்ணையில் உட்கார்ந்து கேட்பதோடு சரி. ஒரு காந்தாரத்தை மீட்டி பெடலை மிதித்தேன். ஒலி அலையலையாக எழுந்து அடங்கியது.

“கமகம் மாதிரியே இருக்குல்ல பெரியப்பா?”

கொஞ்ச நேரம் கேட்டார். “சுரம் நின்ன இடத்துலதாண்டா நிக்குது. நீ கதவைத் திறந்து திறந்து மூடுற, அவ்ளோதான்.”

ட்ரெமலோ என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை. ட்ரெமலோவில் ஏறி இறங்குவது ஒலியின் அளவு. சுரமே ஏறி இறங்கினால் அதற்குப் பெயர் வைப்ரேட்டோ. இந்த இரண்டையும் குழப்பியதில் ஃபெண்டர் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தந்தியைத் தளர்த்திச் சுரத்தை வளைக்கும் கம்பிக்கு ‘ட்ரெமலோ’ என்று பெயர் வைத்தார்கள். அறுபதுகளின் ஆம்ப்களில் ஒலியளவை ஆட்டும் சேனலுக்கு ‘வைப்ரேட்டோ’ என்று பெயர். இரண்டுமே தலைகீழ். அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

கதவைத் திறந்து மூடுவதிலும் பல விதம் உண்டு. 1940களில் வந்த டிஆர்மண்ட் கருவிதான் கிட்டாருக்கென்று தனியாக விற்ற எஃபெக்ட் கருவிகளில் மிகப் பழையது. அதற்குள் மின்சாரம் கடத்தும் திரவம் நிரப்பிய சின்னக் குப்பியை ஒரு மோட்டார் குலுக்கும். திரவம் உள்ளே இருக்கும் தொடுமுனையில் படும்போதெல்லாம் சிக்னலில் ஒரு பகுதி எர்த்துக்குப் போய்விடும், ஒலி தணியும். 1955இல் போ டிட்லி தன் பெயரிலேயே வெளியிட்ட பாட்டில் கிட்டார் துடிப்பது இந்த வகை நடுக்கத்தால்தான்.

அடுத்து வந்த ஆம்ப்களில் வால்வின் பயாஸையே ஆட்டினார்கள். இதன் நடுக்கம் வழவழப்பானது, மூச்சு வாங்குவது போல. அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்ப்கள் சிலவற்றில் இன்னொரு வழி: ஒலியைக் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என்று பிரித்து, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி செய்தார்கள். ஹார்மானிக் ட்ரெமலோ என்ற இந்த வகையில் சுரமே நகர்வது போல ஒரு மயக்கம் வரும். பிறகு வந்தது ஒளி வழி. நியான் பல்பு மினுக்க, எதிரே இருக்கும் ஒளி உணரி அதற்கேற்பச் சிக்னலைக் குறைக்கும். இதன் நடுக்கம் கொஞ்சம் வெட்டி வெட்டி வரும்.

2012இல் வந்த ஸ்ட்ரைமன் ஃபிளிண்ட் கடைசி மூன்றையும் டிஜிட்டலில் ஒரே டப்பாவுக்குள் போட்டுவிட்டது. என்னிடம் இருப்பது அதைவிட எளிய பாஸ் டிஆர்-2. மூன்றே நாப்: வேகம், ஆழம், அலையின் வடிவம். ஒரு நடுக்கத்தை மூன்று எண்களால் முழுதாகச் சொல்லிவிடலாம் என்பது என்னைப் போன்ற கோடு எழுதுகிறவனுக்குப் பிடித்த விஷயம். எண்களைக் குறித்துக் கொடுத்தால் அமெரிக்காவில் இருப்பவனும் அதே நடுக்கத்தைக் கொண்டுவரலாம்.

ஆனால் பெரியப்பா தேடிய நடுக்கம் கம்பிதம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்பதே இல்லை; ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஊஞ்சலாடும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு அகலமாக என்பது முன்னால் வந்த சுரம், பின்னால் வரப்போகும் சுரம், பாட்டின் காலப்பிரமாணம் எல்லாவற்றையும் பொறுத்தது. பெடலுக்குள் ஓடுவது ஒரு கடிகாரம். பாட்டு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது.

மின்சாரத்தின் மேல் எனக்குக் குறையில்லை. மேண்டலினில் ஒலி சீக்கிரம் செத்துவிடும். அதனால் மேற்கே படபடவென்று மீட்டி நீட்டுவார்கள். அதற்கும் ட்ரெமலோ என்றுதான் பெயர். யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தியை இழுத்து வளைக்கலாம். பிக்கப் இருப்பதால் ஒலியும் நின்று பேசும். அப்படிக் கிடைத்த நேரத்தில் அவர் கமகத்தை வாசித்தார்.

மறுநாள் குடுமியான்மலைக்குப் போனேன். எங்கள் இலுப்பூர் தாலுகாதான். சின்ன வயதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மலையில் ஏறி விளையாடியதோடு சரி. குடைவரைக்குப் பக்கத்தில் பாறையில் அந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து, ஏழு பிரிவுகள், நான்கு நான்காக அடுக்கிய சுரங்கள். மகேந்திரவர்மன் வெட்டியது என்று பள்ளியில் சொன்னார்கள். கல்வெட்டில் அரசன் பெயரே இல்லை. உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்று வெவ்வேறு உயிரோசையோடு வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. உயிரோசைகள் சுருதி வேறுபாட்டைக் குறிப்பவை என்கிறார்கள் சிலர். தந்தியை மீட்டும் முறை என்கிறார்கள் சிலர். புள்ளிக்கும் ஒத்துக்கொண்ட பொருள் இல்லை.

வேலையில் இது எனக்குப் பழக்கமான காட்சி. பழைய கோடில் ஒரு குறி இருக்கும். எழுதியவன் வேலையை விட்டுப் போயிருப்பான். அது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. எழுதியவன் சோம்பேறி என்று திட்டுவோம். ஆனால் இந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. அன்றைய மாணவனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் ஆசிரியர் இருந்தார், புள்ளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கையால் காட்டியிருப்பார். கல் அப்படியே நிற்கிறது. அந்தக் கைகள்தான் தொடரவில்லை.

அன்று சாயங்காலம் பெடலைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியப்பாவிடம் தோடி காந்தாரத்தைப் பாடச் சொல்லிப் போனில் பதிந்தேன். இரண்டு முறை இருமலில் நின்று, மூன்றாவது முறை வந்தது.

“எத்தனை தடவை அசைக்கணும் பெரியப்பா?”

“எண்ணிக்கிட்டாடா அசைப்பாங்க?” என்று என் இடது கைவிரலைப் பிடித்துத் தந்தியோடு சேர்த்து இழுத்தார்.

பதிவு போனில் பத்திரமாக இருக்கிறது. கிளவுடிலும் ஒரு காப்பி வைத்திருக்கிறேன். விரலில்தான் இன்னும் வரவில்லை. பொங்கலுக்கு மறுபடி போகிறேன்.