ஐந்நூறு தட்டு அடித்தவர்கள்

1977இல் இங்கிலாந்தில் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்றொரு குழு சொந்தச் செலவில் ஏழு அங்குலத் தட்டு ஒன்று வெளியிட்டது. ஒரு பக்கம் ‘ஸ்மோக்ஸ்கிரீன்’, ‘ஹேண்டில்பார்ஸ்’ என இரண்டு பாட்டு. திருப்பிப் போட்டால் மறுபடியும் அதே இரண்டு பாட்டு. ஏதோ புரட்சி செய்கிறோம் என்று அப்படிப் போடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக மாஸ்டர் வெட்டினால் செலவு கூடும், அவ்வளவுதான். மொத்தம் 153 பவுண்டில் வேலையை முடித்தார்கள். அந்தக் கணக்கை மறைக்கவும் இல்லை. அடுத்த தட்டின் உறையிலேயே அச்சிட்டு, இவ்வளவுதான் ஆகிறது, நீங்களும் போடுங்கள் என்று ஊரையே கூப்பிட்டார்கள்.

யாருக்கும் பெயர் தெரியாத இண்டி பாப் (பெரிய கம்பெனிகளைச் சாராத பாப்) குழுக்களின் சிங்கிள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் இன்று பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாடுகளில் இருக்கிறது. கிடைக்காத தட்டு என்றால் அவர்களுக்கு உயிர். ஆனால் அந்தத் தட்டு ஏன் கிடைப்பதில்லை என்று நூல் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் போய் நிற்கும் இடம் யாரோ நான்கு பிள்ளைகளின் காலிப் பை. பிற்காலத்தில் வந்த ‘லிமிடெட் எடிஷன்’ தந்திரத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது. குறைவாக அடித்தால் கிராக்கி ஏறும் என்று கணக்குப் போட்டு இவர்கள் குறைவாக அடிக்கவில்லை. கையில் இருந்த காசுக்கு அவ்வளவுதான் வந்தது.

ஏழு அங்குலத் தட்டு இந்தக் குழுக்கள் கண்டுபிடித்ததல்ல. 1948இல் கொலம்பியா கம்பெனி நீளமாக ஓடும் எல்.பி.யைக் கொண்டுவந்தது. அதற்குப் போட்டியாக ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் 45 சுற்றுத் தட்டை இறக்கியது. நாட்டுப்புறப் பாட்டுக்குப் பச்சை, குழந்தைப் பாட்டுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துக்கூட விற்றுப் பார்த்தார்கள். நம் வீடுகளில் எச்.எம்.வி. முத்திரையோடு கிடந்த சினிமாப் பாட்டு இ.பி.க்களும் அந்த ஏழு அங்குலக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆக, பண்டம் பழையது. 1977இல் புதிதாகப் பரவியது ஒன்றே ஒன்று: கம்பெனியின் வாசலில் காத்திருக்காமல் பாடுகிறவர்களே அதை அடிக்கத் தொடங்கினார்கள்.

தொடங்கி வைத்தவர்கள் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு. 1976 டிசம்பர் 28 அன்று இண்டிகோ ஸ்டுடியோவில் நான்கு பாட்டைச் சில மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் மார்ட்டின் ஹானெட். தேவைப்பட்ட 500 பவுண்டு கைமாற்றாக வந்தது. அதில் பாதி கிட்டார் வாசித்த பீட் ஷெல்லியின் அப்பா கொடுத்தது. அடுத்த மாதமே ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ ஆயிரம் பிரதி வெளிவந்தது. உறைப்படம், மேனேஜர் ரிச்சர்ட் பூன் மான்செஸ்டர் பிக்கடில்லியில் ஒரு சிலையின் அடியில் நிறுத்தி எடுத்த போலராய்ட். அட்டையின் பின்புறத்தைப் பார்த்தால் எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், மேலே ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்று குறித்திருக்கும். எனக்கு அந்தத் தட்டில் மிகவும் பிடித்த சங்கதி அந்தக் குறிப்புதான். எவ்வளவு எளிதாகச் செய்துவிட்டோம் பாருங்கள் என்கிற குறும்பு அதில் இருக்கிறது. ‘போர்டம்’ பாட்டில் வரும் கிட்டார் சோலோவுக்கு மொத்தமே இரண்டு சுரம். அதையே திரும்பத் திரும்ப 66 முறை மீட்டுகிறார் ஷெல்லி. இதைக் கேட்ட பிறகு எனக்கு வாசிக்கத் தெரியாதே என்று எவன் தயங்குவான்?

அந்த ஆயிரம் போதாமல் மறுபடி மறுபடி அடித்து 16,000 வரை விற்றது. கேட்டவர்களில் பலர் உடனே தட்டு போடக் கிளம்பினார்கள். 1978இல் லண்டன் கேம்டனில், ஆளில்லாத வீட்டில் குடியேறியிருந்த ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தங்கள் முதல் தட்டின் உறையை ஜெராக்ஸ் எடுத்துக் கையால் மடித்தது. லேபிளுக்கு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, மாஸ்டரிங்குக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு என்று மளிகைப் பட்டியல் மாதிரி உறையில் எழுதியும் வைத்தார்கள்.

அந்தக் கணக்கில்தான் பிற்கால அபூர்வத்தின் விதை கிடக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், லேக்கர் பூசிய வட்டத்தில் ஊசி பள்ளம் வெட்டும். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் தட்டு ரெடி. ஓரத்தில் பிதுங்கியதை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டுக்கும் அச்சுக்கும் ஆகிற செலவு நூறு தட்டு அடித்தாலும் அதேதான், ஆயிரம் அடித்தாலும் அதேதான். நூறுக்குக் கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கில் அடிக்கக் காசு இல்லை, அடித்தாலும் வாங்க ஆள் இல்லை. அதனால் ஐந்நூறு, துணிந்தால் ஆயிரம் என்று நிறுத்திக்கொண்டார்கள். தீர்ந்த பிறகு மறுபடி அடிக்கலாம்தான். அதற்குள் டிரம்மர் வேலைக்குப் போயிருப்பார், பாடுகிறவர் கல்லூரிக்குப் போயிருப்பார், குழுவே கலைந்திருக்கும்.

பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு வளையம் இருக்கும். சேகரிப்பவர் தட்டைக் கையில் வாங்கியதும் விளக்குக்கு நேரே சாய்த்து முதலில் பார்ப்பது அதைத்தான். அச்சு எண் அங்கேதான் இருக்கும். வெட்டியவரே கையால் எதையாவது கீறி வைத்திருப்பதும் உண்டு. லண்டனில் வேலை பார்த்த ஜார்ஜ் பெக்கம் என்ற கைதேர்ந்த வெட்டுக்காரர், தான் வெட்டியவற்றில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கீறிவிடுவார். முதல் அச்சா, மறு அச்சா, கள்ள அச்சா என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி.

இந்தத் தட்டுகளைப் பரப்புவதற்கும் வழி பிறந்தது. லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976இல் திறந்த ரஃப் டிரேட் கடை, சின்னத் தட்டுகளை வாங்கி மற்ற கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரத்திலும் இறங்கியது. ராத்திரி பி.பி.சி. ரேடியோ 1இல் ஜான் பீல் எவன் அனுப்பினாலும் கேட்டுப் பார்த்து ஒலிபரப்பினார். 1980இல் கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் தன் வீட்டிலிருந்தே போஸ்ட்கார்ட் லேபிளை நடத்தி ஆரஞ்ச் ஜூஸ் குழுவை வெளியே கொண்டுவந்தார். பங்க்கின் கத்தல் போய், கலகலக்கும் கிட்டாரும் கூச்சம் தெரியும் குரலும் வந்தன. 1986இல் என்.எம்.இ. பத்திரிகை 22 குழுக்களைச் சேர்த்து சி86 என்ற கேசட்டை விட்டதும் அந்தச் சத்தத்துக்கு அதுவே பெயராகிப்போனது.

இந்தக் கதையில் என் அபிமானம் சாரா ரெக்கார்ட்ஸ் பக்கம். கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்ற இருவர், ஆளுக்கொரு கைப்பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர்கள், 1987 நவம்பரில் பிரிஸ்டலில் தொடங்கினார்கள். ‘சாரா 1’, சீ அர்ச்சின்ஸ் குழுவின் ‘பிரிஸ்டீன் கிறிஸ்டீன்’. மடித்த தாள் உறை, உள்ளே ஒரு போஸ்டர், வெளியே பாலிதீன் பை. பெரிய கம்பெனிகள் ஒரே பாட்டை ஏழு அங்குலம், பன்னிரண்டு அங்குலம், வேறு நிறம், வேறு உறை என்று மாற்றி மாற்றி விற்று, பாக்கெட் மணியை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. சாராக்காரர்களுக்கு அது அரசியல் பிரச்சினை. சிங்கிளில் வந்ததை ஆல்பத்தில் திணித்து இரண்டாம் முறை வாங்க வைப்பதையும் தவிர்த்தார்கள். லண்டன் பத்திரிகைகள் இவர்களைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று கிண்டல் செய்தன. அந்தக் கிண்டலில் ஆண் திமிர் நிறையவே இருந்தது.

சேகரிப்பாளர்களைச் சுரண்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற லேபிளின் முதல் தட்டு, பிற்காலத்தில் நூறு பவுண்டுக்கு மேல் கைமாறியது. இதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. சாமானிய விலையில் கொஞ்சமாக அடித்தார்கள், வாங்கியவர்கள் தேயத் தேயக் கேட்டார்கள், போஸ்டரைச் சுவரில் ஒட்டினார்கள். அதனாலேயே போஸ்டரோடு கீறலில்லாமல் மிஞ்சியது சொற்பம்.

சாராவுக்காவது ஒரு பெயர் இருக்கிறது. ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு, பீல் ஒருமுறை ஒலிபரப்பியதைக் கேட்டுவிட்டுக் கலைந்த குழுக்கள் எத்தனையோ. அவர்களின் நினைவைக் காப்பாற்றியது சேகரிக்கும் பைத்தியம்தான். அமெரிக்காவில் சக் வார்னர் ‘மெஸ்தெட்டிக்ஸ்’ என்ற தொகுப்பு வரிசையில் ஸ்மோக்ஸ்கிரீன் காலத்துத் தட்டுகளை மீட்டார். ஜெர்மனியிலிருந்து ‘தி சவுண்ட் ஆஃப் லெமிங்டன் ஸ்பா’ என்ற வரிசை எண்பதுகளின் பிரிட்டிஷ் இண்டி பாப்பைத் தோண்டி எடுத்தது. 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் இணையதளம் முதலில் எலெக்ட்ரானிக் இசைக்கான பட்டியலாகத்தான் இருந்தது. எல்லா வகையும் உள்ளே வந்து விற்பனையும் சேர்ந்த பிறகு, எந்தத் தட்டு என்ன விலை போனது என்பது ஊருக்கே தெரிந்தது. பழைய கடையில் ஐம்பது பென்ஸுக்குப் புதையல் எடுக்கும் சுகம் அதோடு ஏறக்குறைய போயிற்று. கடைக்காரரும் பார்த்துவிட்டுத்தானே விலை போடுகிறார்.

1995 ஆகஸ்டில் நூறாவது வெளியீட்டோடு சாரா கடையை மூடியது. நட்டத்தால் அல்ல, நூறு அழகான எண் என்பதால். இசைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து அறிவித்துவிட்டு, பிரிஸ்டலில் ஒரு கப்பலில் விருந்து வைத்து முடித்துக்கொண்டார்கள். 1 முதல் 100 வரை முழு வரிசை சேர்க்கக் கிளம்புகிறவர்களுக்குச் சிக்கல் வேறிடத்தில். அந்த நூறும் தட்டு இல்லை. சில எண்கள் கைப்பத்திரிகைகள். சாரா 50, மொனாப்பலியை ஒட்டிப் பெயர் வைத்த ‘சாரப்பலி’, நம் வீட்டுப் பிள்ளைகள் ‘பிசினஸ்’ என்று விளையாடுவார்களே, அந்த மாதிரிப் பலகை விளையாட்டு. அது இல்லாமல் வரிசை முழுசாகாது என்பதால், ஊசி வைத்துக் கேட்க ஒன்றுமில்லாத அதையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.