வலிப்பின் வகைமாற்றம்: வகைப்பாட்டு வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் வலிப்பு நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். புராணத்தில் நோய் ஒரு பொழுதில் நீங்கிவிடுகிறது. வலிப்போடு வாழ்பவர்களில் பலருக்கோ அது ஆண்டுக்கணக்கில் உடன் வருகிறது. ஏழு வயதில் வந்த உருவம் பதினைந்தில் மாறுகிறது, முப்பதில் மறுபடி மாறுகிறது. இந்த மாற்றத்தை மருத்துவம் எப்போது கவனித்தது, அந்த அறிவு தேனிப் பக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

ஊர்வழக்கில் காக்காய் வலிப்பு என்றால் கீழே விழ வேண்டும், கைகால் இழுக்க வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும். உடனே யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். பெரிய இழுப்பை மட்டுமே வலிப்பாகப் பார்ப்பதைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1857இல் புரோமைடும் 1912இல் பினோபார்பிட்டாலும் சிகிச்சைக்கு வந்தபோது, மேலைநாட்டு மருத்துவரும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய இழுப்பை வைத்தே நோயை எடைபோட்டனர். 1929இல் ஹான்ஸ் பெர்கர் மூளை மின்னலைப் பதிவை வெளியிட்ட பிறகுதான், விழாமல், இழுக்காமல், சில நொடி வெறித்துப் பார்ப்பதும் வலிப்பே என்பதற்குத் தாளில் சான்று கிடைத்தது.

சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் 1981ஆம் ஆண்டுப் பட்டியல் ஒவ்வொரு தாக்கத்தையும் தனித்தனியாக வகைப்படுத்தியது. 1989ஆம் ஆண்டுப் பட்டியல் நோய்க்குறித் தொகுதிகளை வரையறுத்தது: எந்த வயதில் தொடங்குகிறது, எந்தெந்த வகை சேர்ந்து வருகிறது, போகப்போக என்ன ஆகிறது. அக்கழகம் 2017இல் செய்த திருத்தத்தைவிட இதையே பெரிய திருப்பம் என்பேன். வகை மாறினால் புது நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல, பழைய நோயின் போக்கே அப்படி இருக்கலாம் என்பது இங்கேதான் வகைப்பாட்டுக்குள் நுழைந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான தளம் முன்பே இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, 1952இல் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவையைச் செய்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி அதே துறையைத் தொடங்கினார். 1989இல் வேலூர் மருத்துவர்கள், இந்திய நோயாளிகளின் சி.டி. படத்தில் தெரிந்த சிறு ஒற்றைப் புள்ளிகளுக்கு நாடாப்புழுவின் இளம்புழுப் பையே காரணம் எனத் திசுச் சோதனையில் காட்டினர். அதுவரை பலருக்குக் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டு வந்தது. புள்ளி கரைந்தால் வலிப்பும் பெரும்பாலும் நின்றுவிடும். சுண்ணாம்பாக உறைந்தால் திரும்ப வரலாம்.

கம்பத்துக்காரருக்கு வேலூரும் சென்னையும் எட்டாத தூரம். மதுரை பெரியாஸ்பத்திரியே நூறு கிலோமீட்டருக்கு மேல். 1996இல் மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்து, அதன்பின் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது. ஆனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பது வேறு, பழைய மருந்துச் சீட்டை மறுபடி படித்துப் பார்ப்பது வேறு.

1957இல் ஜெர்மானியர் டீட்டர் ஜான்ஸ் விரிவாக விவரித்த இளம்பருவத் தசைத்துள்ளல் வலிப்பை எடுத்துக்கொள்வோம். சிலருக்குச் சிறுவயதில் வெறித்த பார்வை மட்டும் இருக்கும். பதினான்கு, பதினைந்து வயதில், தூங்கி எழுந்த அரைமணிக்குள் தோளும் கையும் தூக்கிவாரிப் போடும். காபி டம்ளர் தெறித்து விழும். “கவனம் எங்க இருக்கு?” என்று திட்டு விழுமே தவிர, யாருக்கும் சந்தேகம் வராது. சில மாதம் கழித்துப் பெரிய இழுப்பு. தூக்கக் குறைவு இதை நன்றாகத் தூண்டும். கம்பத்திலும் போடியிலும் ஏலத்தோட்ட ஜீப்புகள் விடியுமுன் கிளம்புகின்றன. அதில் ஏற எழுந்து, சோறு கட்டும் பெண்ணுக்குத் துள்ளல் வரும் நேரமும் அதுதான். பெரிய இழுப்பை மட்டும் சொன்னால் எப்டாயின் போன்ற மாத்திரை எழுதப்படலாம். அது சிலருக்குத் துள்ளலைக் கூட்டிவிடும். இதற்கு நன்றாகக் கேட்கும் வால்புரோயேட்டோ கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியது. கல்யாண வயதுப் பெண்ணுக்கு மருந்தைத் தேர்வது மருத்துவருக்கும் எளிதல்ல.

இன்னொரு போக்கு இதற்கு நேர்மாறு. மாத்திரையில் பெரிய இழுப்பு நின்றுவிடும். ஆனால் வாயைச் சப்புவது, முந்தானை நுனியைத் தடவிக்கொண்டே ஒரு நிமிடம் நிலைமறப்பது தொடரும். இது புதிதாக வந்ததாக வீட்டார் சொல்வார்கள். பல நேரம் முதலிலிருந்தே இருந்திருக்கும், பெரிய இழுப்பின் நிழலில் தெரிந்திருக்காது. ஆகவே ‘வகைமாற்றம்’ எனப்படுவதில் ஒரு பகுதி நோயுடையது, ஒரு பகுதி பார்த்தவர் கண்ணுடையது.

பல குடும்பங்கள் இந்த நோயை வெளியே சொல்லாமல் மறைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவோரின் திருமணத்துக்குத் தடை வைத்தது. 1999 திருத்தமே அதை நீக்கியது. இருபத்து மூன்று ஆண்டு, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வாய்மூடி இருந்ததில் வியப்பில்லை.

வலிப்பின் தோற்றம் மாறியதாகத் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த முறை வரும்போது ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, ஒருவர் செல்போனில் படம் பிடியுங்கள். நேரத்தையும், முந்தின இரவு தூங்கினாரா என்பதையும் குறித்துக்கொண்டு, முதல் சீட்டோடு போய், இந்த மாத்திரை இந்த வகைக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.