'இல்லை' என்று நிறுவிய எட்டு ஆய்வகங்கள்

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளியின் ஊர் கொல்கத்தாவுக்கு வெகு தொலைவில் இல்லை. ஹூக்ளி ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் ஹவுரா மாவட்டம். அங்கே பாஞ்ச்லா வட்டாரத்தில் சொட்டு மருந்து பெறாத 18 மாதப் பெண் குழந்தை. 2011 ஜனவரி 13 அன்று அவளுக்குக் கால் தளர்ந்தது. அதன் பிறகு இந்த நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸ் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. இந்த வெற்றியைப் பேசும்போதெல்லாம் சொட்டு மருந்தையும் வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்களையும் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். அதே மரியாதை ஆய்வகங்களுக்கும் உரியது.

1997-ல் தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அதற்குத் துணை நின்றவை எட்டு ஆய்வகங்கள்: கொல்கத்தா, சென்னை, மும்பை, பெங்களூரு, டெல்லி, லக்னோ, அகமதாபாத், கசௌலி. சென்னையில் அந்தப் பொறுப்பை ஏற்றது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். 1899-ல் தொடங்கி, பெரியம்மைத் தடுப்புப் பால் தயாரித்துப் பெயர் பெற்ற இடம். கொல்கத்தாவில் இன்ஸ்டிடியூட் ஆஃப் சீராலஜி. ஒரு காலத்தில் கொலை வழக்குகளில் துணியில் படிந்த ரத்தம் மனிதனுடையதா, விலங்கினுடையதா என்று நீதிமன்றங்களுக்குச் சொல்லிவந்த துறையின் வாரிசு அது. பழைய நிறுவனங்களுக்குப் புதிய வேலை கொடுத்தது நல்ல முடிவு என்றே கருதுகிறேன்.

போலியோ தாக்குவது முதுகுத்தண்டின் நரம்புச் செல்களை. ஆனால் ஆய்வுக்கு எடுப்பது முதுகுத்தண்டு நீரையல்ல, மலத்தை. வைரஸ் பெருகுவது குடலில். வாரக்கணக்கில் மலத்தோடு வெளியேறுகிறது. முதுகுத்தண்டு நீரில் அது அகப்படுவது அபூர்வம். எனவே கால் தளர்ந்த 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம். எடுத்த கணம் முதல் ஐஸ் பெட்டியில் குளிர் குறையாமல் வர வேண்டும். பீகாரின் வெள்ளத்திலும் உத்தரப் பிரதேசத்தின் கோடையிலும் அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தவர்களின் உழைப்பு எந்த அறிக்கையிலும் முழுதாகப் பதிவாகாது.

ஆய்வகத்தில் மாதிரியைக் குளோரோஃபார்ம் சேர்த்துச் சுத்தம் செய்து இரண்டு வகைச் செல்களில் இடுவார்கள். ஒன்று, பலவகைக் குடல் வைரஸ்களும் வளரும் ஆர்.டி. செல். மற்றொன்று எல்-20-பி: போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித ஏற்பியை மரபணு வழியே ஏற்ற எலிச் செல். அதில் வளர்வது பெரும்பாலும் போலியோதான். ஐந்து நாள் நுண்ணோக்கியில் பார்த்து, புதிய செல்களுக்கு மாற்றி, மேலும் ஐந்து நாள் பார்க்க வேண்டும். செல்கள் உருண்டு, உதிர்ந்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது. அது எந்த வகை, இயற்கையானதா, தடுப்பு மருந்திலிருந்து வந்ததா என்பது அடுத்த கட்டம். எந்த ஊர்க் கிருமியின் வழித்தோன்றல் என்பதை மும்பை என்டெரோவைரஸ் ஆராய்ச்சி மையம் மரபணு வரிசையைப் படித்துச் சொல்லிவந்தது.

மூன்று வகைப் போலியோவும் குழந்தையின் காலில் ஒரே மாதிரிதான் தெரியும். 1999-ல் அலிகரில் கண்ட கடைசி நோயாளியோடு இரண்டாம் வகை மறைந்ததும், 2010 அக்டோபருக்குப் பின் மூன்றாம் வகை இங்கே தென்படாததும் ஆய்வகம் இல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது.

2009-ல் 741 நோயாளிகள். 2010-ல் 42. 2011-ல் ஒன்று. எண்ணிக்கை குறையக் குறைய வேலை கூடியது. திடீரெனக் கை கால் தளர்ந்த குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர். குய்லான் பாரே நோய் முதல் ஊசி பட்ட நரம்பு வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் 'போலியோ இல்லை' என்று எழுத வேண்டும். அலட்சியமாகச் சோதித்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். ஆகவே அந்தச் சொல்லை நம்ப வைப்பதே மிகக் கடினமான பணி. மூன்றாண்டு சலிக்காமல் அதைச் செய்ததால்தான் 2014 மார்ச் 27 அன்று, தென்கிழக்கு ஆசியாவின் பிற நாடுகளோடு இந்தியாவும் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

காவல் இன்னும் ஓயவில்லை. 2022-ல் கொல்கத்தா மெட்டியாபுருஸ் கழிவுநீரில் தடுப்பு மருந்திலிருந்து மாறிய வைரஸ் தட்டுப்பட்டது. 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கேட்கும் இரண்டு மாதிரிகளையும் தயங்காமல் கொடுங்கள்.