இடப்பெயர்ச்சி, வேகம், ஆர்முடுகல்: இயக்கத்தை அளக்கும் சொற்கள்

க.பொ.த சாதாரண தர விஞ்ஞானத்தில் இயக்கம் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, சொற்களில்தான். யூடியூப்பில் தமிழகப் பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடுதல். எங்கள் பாடநூலில் திசையைக் கருதாத அளவு ‘கதி’, திசையோடு சேர்ந்தது ‘வேகம்’. தமிழகத்தில் முன்னையது ‘வேகம்’, பின்னையது ‘திசைவேகம்’. எங்கள் ‘ஆர்முடுகல்’ அங்கே ‘முடுக்கம்’. பரீட்சையில் எங்கள் வழக்கையே எழுத வேண்டும்.

முதலில் தூரமும் இடப்பெயர்ச்சியும். சென்ற பாதையின் முழு நீளம் தூரம். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு, நேர்கோட்டில், திசையோடு அளப்பது இடப்பெயர்ச்சி. இந்தச் சொல்லை எங்களுக்கு விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். யாழ் நகரிலிருந்து சாவகச்சேரிக்கு வீதியால் சுமார் 15 கிலோமீற்றர். அங்கு சென்ற ஒரு குடும்பம் 1996 இல் அதே வழியால் வீடு திரும்பியிருந்தால், அது கடந்த தூரம் 30 கிலோமீற்றர். இடப்பெயர்ச்சி பூச்சியம். பௌதிகவியல் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது. இடையில் நடந்தது அதன் கணக்கில் வராது.

தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரிக் கதி கிடைக்கும். அந்த 15 கிலோமீற்றரைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு 15 மணித்தியாலம் எடுத்ததாகக் கொண்டால், சராசரிக் கதி மணிக்கு 1 கிலோமீற்றர். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 4, 5 கிலோமீற்றர் நடப்பார்.

இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். வேகத்துக்குத் திசை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வீதி சுற்றும் தேர் ஒரே சீரான கதியில் அசைந்தாலும், மூலையில் திரும்பும்போது அதன் வேகம் மாறுகிறது. வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல். ஆகவே கதி கூடாமலும் ஆர்முடுகல் இருக்கலாம். கதி குறைந்து வருமானால் அது அமர்முடுகல்.

இந்த அமர்முடுகல்தான் பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் எங்களுக்கு வேண்டியது. மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். மணிக்கு 72 என்பது செக்கனுக்கு 20 மீற்றர். ஒரு மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் கதியைக் குறைக்கிறது எனக் கொள்வோம். கதியின் வர்க்கத்தை அமர்முடுகலின் இருமடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம் வரும். 36 இல் அது 10 மீற்றர், 72 இல் 40 மீற்றர். கதி இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒரு செக்கன் போனால் முறையே இன்னும் 10, 20 மீற்றரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

புகையிரதம் இன்னும் மோசம். இரும்புச் சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண சேவை 2014 ஒக்ரோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் 24 வருடங்கள். புகையிரதம் எவ்வளவு விரைவாக நெருங்கும் என்பதைக் கண்ணால் பழகாமலே ஒரு தலைமுறை இங்கு வளர்ந்தது. நேராக எங்களை நோக்கி வரும் பெரிய பொருள் மெதுவாக வருவதுபோலத் தோன்றுவது கண்ணின் இயல்பு. கடவையில் அதை நம்ப முடியாது.

மணிக்கு 72 இல் வரும் புகையிரதம் 200 மீற்றரை 10 செக்கனில் கடந்துவிடும். அதன் அமர்முடுகல் மோட்டார் சைக்கிளினதில் பத்தில் ஒன்று எனக் கொண்டால், நிற்க 400 மீற்றர் வேண்டும். 200 மீற்றருக்கு அப்பால் உங்களைக் கண்ட சாரதி உடனே பிறேக் பிடித்தாலும், கடவையை வந்தடையும்போது அதன் கதி மணிக்கு சுமார் 50 கிலோமீற்றராக இருக்கும்.