லயனல் வென்ட்: ஒரு இருட்டறையின் கதை

லயனல் வென்ட் எண்டால் எங்களில் பலருக்கு கொழும்பு 7இல் இருக்கிற நாடக அரங்குதான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குரிய மனிதர் ஒரு புகைப்படக் கலைஞர் எண்டது அங்க நாடகம் பார்க்கப் போற பலருக்குத் தெரியாது. கலியாண வீட்டு அல்பம் செய்து பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில தங்களுக்காகப் படம் எடுக்கிற நண்பர்கள் எங்களுக்கு நிறையப் பேர். "இதையெல்லாம் ஆர் பார்க்கப் போகினம்?" எண்டு அவர்கள் கேட்கிறபோது வென்ட்டின் கதை பிரயோசனப்படும்.

1900இல் பிறந்தவர். தந்தை பறங்கியர், உயர் நீதிமன்ற நீதிபதி; தாய் சிங்களவர். இங்கிலாந்துக்குப் போய் சட்டமும் படித்தார், றோயல் அக்கடமியில் பியானோவும் படித்தார். 1924இல் திரும்பி வந்து கொஞ்சக் காலம் வக்கீல் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டிட்டு பியானோவுக்கே போயிட்டார். கமரா அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது 1930களின் தொடக்கத்தில்தான். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அதற்கு முன்னரே அவர் ஒரு பெரிய வாசகர். 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்த பாப்லோ நெரூடா வெள்ளவத்தையில் தனியாக இருந்தார். வென்ட் கிழமைக்கொருக்கா ஒரு சைக்கிள்காரனிடம் சாக்கு நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்புவார் எண்டு நெரூடா தன்ர நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் என்ன நடக்குது எண்டது வென்ட்டுக்கு இப்படித்தான், புத்தகங்கள் வழியாக வந்துகொண்டே இருந்தது.

அதனால் பாரிசில் மான் ரேயும் லீ மில்லரும் செய்துபார்த்த 'சோலரைசேஷன்' கொழும்பு இருட்டறைக்கு வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை. விசயம் இதுதான்: நெகட்டிவையோ பிரிண்டையோ டெவலப்பரில் போட்டு, படம் பாதி தெரிகிற நேரத்தில் ஒரு கணம் வெளிச்சத்தைக் காட்டுவது. சாதாரணமாகப் பார்த்தால் படம் பழுதாகிப்போற வேலை. ஆனால் கணக்குச் சரியாக வந்தால் கருமையும் வெண்மையும் பாதி இடம் மாறும். இரண்டும் சந்திக்கிற ஓரத்தில், பென்சிலால் கீறினது போல ஒரு மெல்லிய கோடு விழும். ஒரு செக்கன் கூடினால் முழுக்க மங்கிப்போகும். மனித உடலின் விளிம்பில் அந்தக் கோட்டை வரவைக்க வென்ட் எத்தனை தாளை வீணாக்கியிருப்பார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இரண்டு மூன்று நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்குகிற மொன்டாஜ் வேலையும் செய்தார். இந்தப் படங்களோடு மீனவர், வயல், நடனக்காரர், விகாரைச் சிலைகள் எண்டு நேரடியாக எடுத்த படங்களும் ஏராளம். எங்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் கூடப் பிடிக்கும். வெளிச்சத்தை அவர் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து பிடித்தார் எண்டது அதில தெரியும்.

பார்க்கிறதுக்கு ஆட்கள் வேணும் எண்டதை அவர் ஆரம்பத்திலேயே விளங்கிக்கொண்டார். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதே வருசம், தேயிலைப் பிரசாரச் சபையின் காசில் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்கு உதவி செய்து, பின்னணிக் குரலும் கொடுத்தார். றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளை அதில் வாசிப்பது வென்ட்தான். 1938இல் லண்டன் கமரா கிளப்பில் அவரது தனிக் கண்காட்சி நடந்தது. சங்கம், படம், கண்காட்சி எல்லாம் சின்னச் சின்னப் படிகள்; எதுவும் ஒரே இரவில் நடக்கவில்லை.

ஆனால் ஒண்டைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. நீதிபதியின் மகனுக்கு கறுவாத்தோட்டத்தில் வீடு இருந்தது. வருமானத்துக்கு ஓடாமல் தாளை வீணாக்க வசதி இருந்தது. அவர் எடுத்த அழகான உடம்புகளில் பல உழைக்கிற ஆட்களுடையவை. அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எங்களிடம் இல்லை. அந்த உடம்புகளை அவர் பார்த்த விதத்தில் ஆசை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. எண்டாலும் படத்துக்கு நிண்டவர் தன்னைப் பற்றி என்ன நினைத்தார் எண்டது ஒருக்காலும் தெரியப்போறதில்லை. இதை மறைத்து அவரை முன்மாதிரியாக்க எங்களுக்கு விருப்பமில்லை.

1943 ஓகஸ்ட்டில் அவருடைய வீட்டில்தான் '43 குழு' பிறந்தது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ் எண்டு நவீன ஓவியர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். கூட்டிச் சேர்த்தவர் ஒரு படப்பிடிப்பாளர்! அடுத்த வருசம் டிசம்பரில், 44 வயதில் வென்ட் இறந்தார்.

இறந்த பிறகு அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. 1950இல் நண்பர்களின் முயற்சியில் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' லண்டனில் புத்தகமாக வந்தது. 1953இல் அரங்கு திறக்கப்பட்டது. மீண்டும் பிரிண்ட் போட நெகட்டிவ் இல்லாதபடியால், அவர் தன்ர இருட்டறையில் கையால் எடுத்த தாள்கள்தான் இண்டைக்கு மிச்சம்.