'சூரரைப் போற்று' முடிஞ்ச பிறகு நடந்தது

கொரோனா காலத்தில வீட்டுக்குள்ள இருந்து 'சூரரைப் போற்று' பார்த்த ஆக்கள்தான் நாங்கள். படம் வெற்றியோட முடியும். ஆனா அதுக்கு அடிப்படையான எயார் டெக்கானின் வரலாறு அந்த இடத்தில முடியேல்ல.

அதைத் தொடங்கிய கப்டன் ஜி. ஆர். கோபிநாத் கர்நாடகத்துக்காரர். இந்திய இராணுவத்தில் இருந்துவிட்டு, ஹாசன் பக்கம் பட்டுப்புழு வளர்த்த விவசாயி. முதலில் ஹெலிகொப்டர் சேவை நடத்தினார். 2003 ஓகஸ்டில் எயார் டெக்கான் பறக்கத் தொடங்கியது.

பெரிய கம்பனிகள் எட்டிப் பார்க்காத ஹூப்ளி போன்ற ஊர்களுக்குச் சின்ன ஏ.டி.ஆர் விமானங்களை அனுப்பினார்கள். உள்ளே இலவசச் சாப்பாடு இல்லை. ரிக்கெற்றை இணையத்திலும் பெற்றோல் செட்டிலும் வாங்கலாம். முந்திப் பதிந்த சிலருக்கு, வரி நீங்கலாக, 1 ரூபாய்க்கும் ரிக்கெற் கிடைத்தது. ஆர். கே. லக்ஷ்மன் வரைந்த 'சாதாரண மனிதன்'தான் கம்பனியின் முகம். ரயிலில் மட்டுமே போன சனம் முதல் தடவையா விமானம் ஏறியது.

அப்ப ஏன் விழுந்தது?

ரிக்கெற் விலையைக் குறைக்கலாம். எரிபொருள் விலையை ஒரு கம்பனியால் குறைக்க முடியாது. கடன் வாங்கி வேகமாக விரிந்ததில் தாமதங்களும் நட்டமும் கூடின. 2005 இல் ஸ்பைஸ்ஜெட், 2006 இல் இண்டிகோ என்று அதே மலிவு விலையோடு மற்றவர்களும் வந்தார்கள். 2006 இல் பங்குகளை விற்கப் போன நேரம் பார்த்துச் சந்தை சரிந்தது. விலையைக் குறைத்து, கடைசி நாளையும் தள்ளிவைத்துத்தான் விற்க முடிந்தது.

2007 இல் கிங்ஃபிஷர் விமான சேவையின் உரிமையாளர் விஜய் மல்லையாவின் குழுமம் 26 வீதப் பங்கை வாங்கியது. இங்கதான் ஒரு விசயத்தைக் கவனிக்கவேணும். வெளிநாட்டுக்குப் பறக்க 5 வருட உள்நாட்டு அனுபவமும் 20 விமானங்களும் வேண்டும் என்பது அப்போதைய இந்திய விதி. கிங்ஃபிஷர் தொடங்கியதே 2005 இல்தான். எயார் டெக்கானுக்கோ 2008 ஓகஸ்டில் 5 வயது நிறைகிறது. இரண்டும் இணைந்தன, 2008 செப்டெம்பரில் கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. மல்லையாவுக்குத் தேவைப்பட்டது விமானங்கள் மட்டும் இல்லை, அந்த வயதும்தான்.

டெக்கான் என்ற பெயர் போய், 'கிங்ஃபிஷர் ரெட்' வந்தது. 2011 இல் அந்த மலிவுச் சேவையை நிறுத்தப்போவதாக மல்லையா அறிவித்தார். 2012 ஒக்டோபரில், மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்க, கிங்ஃபிஷரும் தரையிறங்கியது. பிறகு அது எழும்பவே இல்லை.

இதைத் தனியே ஒரு தோல்விக் கதை எண்டு நான் சொல்லமாட்டன். இண்டைக்கு இந்தியாவின் மிகப் பெரிய விமான சேவை இண்டிகோ, அதுவும் மலிவு விலையில் வளர்ந்ததுதான். கோபிநாத் காட்டின சந்தை உண்மையானது. அதின்ர பலன் வேற ஆக்களுக்குப் போனது. படத்தில வாற தனி மனிதரின்ர பிடிவாதம் ஒரு கம்பனியைத் தொடங்கப் போதும். அதைக் காப்பாத்தக் காசும், விதிகளும், காலமும் சேர்ந்து வரவேணும். அடுத்தமுறை அந்தப் படத்தைப் பார்க்கேக்க, சம்பளம் இல்லாம நிண்ட அந்த ஊழியர்களையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ.