வேலாவதர்: தரிசு என்று நான் எழுதிய புல்வெளி

எனக்குச் சொந்த ஊர் காரக்கோணம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போக, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். நிலம் என்றால் எங்களுக்கு ரப்பர், தென்னை, மரச்சீனி. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல் நிற்பதை நான் நாற்பது வயது வரைக்கும் பார்த்ததே இல்லை.

வங்கி மாற்றலில் குஜராத் வந்த புதிதில், கடன் விண்ணப்பம் ஒன்றுக்காக பாவ்நகர் பக்கம் நிலம் பார்க்கப் போனேன். மரம் இல்லை, கிணறு இல்லை, ஒரே புல். குறிப்பில் "தரிசு, வருமானம் இல்லை" என்று எழுதினேன். வண்டி ஓட்டி வந்த பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தரிசு இல்லை சாகேப், இது வீடி" என்றார்.

வீடி என்றால் என்ன என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

சௌராஷ்டிரத்தில் மழை நம்ப முடியாதது. அதனால் சமஸ்தான ராஜாக்கள் பெரிய புல்வெளிகளை உழவுக்கு விடாமல் ஒதுக்கி வைத்தார்கள். புல்லை அறுத்துச் சேமித்தால் பஞ்ச காலத்தில் மாடுகளுக்கு ஆகும். அந்த ஒதுக்கு நிலம்தான் வீடி. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் அது ஒரு வைப்புநிதி. நான் அதைத்தான் வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்!

பாவ்நகர் சமஸ்தானத்தின் அப்படி ஒரு வீடிதான் வேலாவதர். காம்பே வளைகுடாவை ஒட்டிய 'பால்' என்ற உப்புச் சமவெளியில் இருக்கிறது. நெற்றி மாதிரி தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். அங்கே வெளிமான்கள் மந்தை மந்தையாக மேய்ந்தன. ராஜாக்கள் பழக்கிய சிறுத்தைகளை (சீட்டா) ஏவி அவற்றை வேட்டையாடினார்கள். நம் நாட்டில் சிறுத்தை அருகிவிட்டபோது ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கிவந்தும் வேட்டையைத் தொடர்ந்தார்கள். ஆக, புல் பிழைத்தது மானின் மேல் இருந்த இரக்கத்தால் மட்டும் அல்ல. மாட்டுக்குத் தீனி வேண்டும், ராஜாவுக்கு வேட்டை வேண்டும், அவ்வளவுதான்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாவ்நகரின் கடைசி மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி, 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். காரக்கோணம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, அதனால் எங்களுக்கு இல்லை. ஆனால் பக்கத்துத் திருநெல்வேலிக்காரர்களுக்கு அவர்தான் கவர்னர். அவருடைய தம்பி தர்மகுமார்சிங்ஜி பெரிய பறவை அறிஞர். 'சௌராஷ்டிரப் பறவைகள்' என்ற ஆங்கில நூலை எழுதியவர்.

சமஸ்தானம் போனதும் வீடியின் காவலும் போனது. புல்வெளிகள் வயலாயின. துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுக்க ஆளில்லை. மான்கள் மளமளவென்று குறைந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் வேலாவதர் தேசியப் பூங்காவானது. இன்று அதன் பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். மான்களும் அவற்றைத் துரத்தும் ஓநாய்களும் திரும்பப் பெருகின. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து, சாயங்காலம் கூட்டம் கூட்டமாகப் புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே உறங்குகின்றன.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு பறவை. மழைக்காலத்தில் ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துத் துணையை அழைக்கும். அதற்குத் தமிழில் வரகுக்கோழி என்று பெயர். ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூலிலேயே இந்தத் தமிழ்ப் பெயர் பதிவாகியிருக்கிறது. வரகுக் கொல்லைகளில் திரிந்ததால் வந்த பெயராகத்தான் இருக்க வேண்டும். 2021-இல் இதை உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவை என்று அறிவித்துவிட்டார்கள். நாம் பெயர் வைத்த பறவை முட்டையிட இன்று குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் புல்லைத்தான் நம்பியிருக்கிறது.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. நம்ம ராமநாதபுரத்தை மூடிய அதே சீமைக்கருவேலம் இங்கேயும் புகுந்திருக்கிறது. வனத்துறை பிடுங்கப் பிடுங்க, மான்களே நெற்றைத் தின்று விதையைப் பரப்புகின்றன. பக்கத்தில் தோலேரா தொழில் மண்டலம் எழும்புகிறது. மானுக்குப் பூங்காவின் எல்லைக்கல் தெரியாது, சுற்றியுள்ள வயல்களிலும் மேயப் போகும். அந்த நிலமெல்லாம் விலை ஏறி மனையாகிவிட்டால்? நானே அப்படிப்பட்ட மனைகளுக்குக் கடன் சிபாரிசு செய்கிறவன். அதனால் கையைக் கழுவிக்கொண்டு பேச எனக்கு அருகதை இல்லை.

போன குளிர்காலத்தில் குடும்பத்தோடு போனோம். காலை வெயிலில் ஆண் மான் ஒன்று, முறுக்குக் கொம்பும் கருத்த முதுகுமாக, பத்தடி உயரம் துள்ளியது போலிருந்தது. என் மகன் வாயைப் பிளந்து நின்றான். வெட்கம் என்னவென்றால், ஊரிலிருந்து சில மணி நேரத்தில் போகக்கூடிய வல்லநாட்டில் 1987-லிருந்தே வெளிமான் சரணாலயம் இருக்கிறது. கோடியக்கரையில் 1967-லிருந்து. நான் இரண்டையும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் வரகுக்கோழியைப் பற்றிச் சொன்னேன். "வரகுன்னா என்னப்பா?" என்றான். அரிசி மாதிரி ஒரு தானியம் என்றேன். நானும் அதை வயலில் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது திருநெல்வேலி வரை போய் வல்லநாட்டைப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அலுவலகத்தில் இப்போதும் நிலம் பார்க்கப் போகிறேன். தரிசு என்று எழுதும் முன், அந்த ஊர்க்காரர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.